விழுந்ததெல்லாம் வலிப்புதானா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 74. நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையில் கொஞ்சம் தளர்ச்சியோடு மீண்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து வலிப்பு வந்தது. கார்பமசபின் 200 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஆரம்பித்தார்கள். அதன்பிறகு மூன்று வருடம் ஒரு வலிப்புகூட இல்லை. பிரஷருக்கு மெட்டோபிரலால் பல வருடமாகச் சாப்பிடுகிறார். ஆறு மாதத்துக்கு முன் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்தது. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் உண்டு.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலை, குளியலறைக்குப் போகும் வழியில் அம்மா விழுந்தார். கைகள் இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தன. வலிப்பு திரும்பிவிட்டது என்று மருந்தை 600 மி.கி. ஆக்கினார்கள். ஐந்து வாரத்தில் மறுபடி விழுந்தார், 800 ஆனது. மூன்றாவது முறை நடந்தது போன மாதம். நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து துண்டு நழுவியது, முகம் வெளுத்தது, தலை சாய்ந்தது. கண்கள் திறந்தே இருந்தன. அரை நிமிடத்தில் நினைவு திரும்பி, "ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். நாடி 44, 'பி.ஆர். 260', 'முதல் நிலை இதய அடைப்பு' என்று அதில் இருந்தது. ரத்தத்தில் சோடியம் 128, கார்பமசபின் அளவு 9. மருந்தளவு சரியாகத்தான் இருக்கிறது, ஈசிஜி இந்த வயதில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதற்கிடையில் தம்பி, வலிப்பு மாத்திரைதான் இதயத்தைக் கெடுக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு இரண்டு நாள் மாத்திரையைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார். பயந்துபோன அக்கா மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

மாத்திரைதான் காரணமா? நிறுத்திவிடலாமா? இதயத்தைத் தொடாத வலிப்பு மாத்திரை உண்டா? பி.ஆர். 260 என்றால் என்ன? துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்கவேண்டி வருமா, வைத்தால் வலிப்பு மாத்திரை வேண்டாமா? அம்மாவைத் தனியாக விடலாமா? மருத்துவர் தவறு செய்துவிட்டாரா? இவை அவர் கேட்கும் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். இன்றே, இதயப் பிரிவும் தொடர்ந்து ஈசிஜி கண்காணிக்கும் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். உட்கார்ந்திருந்தவர் முகம் வெளுத்து நினைவிழந்திருக்கிறார், நாடி 44, ஈசிஜியில் கடத்தல் தாமதம், அதாவது இதயத்துக்குள் மின்சாரம் மேலிருந்து கீழே வரத் தாமதம். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால் அது வேறு நிரூபணம் ஆகும்வரை இதய விஷயம்தான். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பழைய ஈசிஜி, பக்கவாதம் வந்த சமயத்தில் எடுத்தது, வீட்டில் எங்காவது ஃபைலில் இருக்கும். அதையும் தேடி எடுங்கள். அன்று பி.ஆர். 170 இருந்து இன்று 260 என்றால் கதையே வேறு.

பி.ஆர். 260 என்ற எண் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஈசிஜி தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்து ஒரு பெரிய கட்டம். வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட், பெரியது 200. முதலில் ஒரு சிறிய மேடு வரும், பிறகு கூர்மையான உயரமான முள். மேடு தொடங்கும் இடத்திலிருந்து முள் தொடங்கும் இடம்வரை உள்ள தூரம்தான் பி.ஆர். இதயத்தின் மேலறையில் பிறந்த மின்சாரம் கீழறைக்கு வந்துசேர எடுக்கும் நேரம் அது. ஒரு பெரிய கட்டத்துக்குள் முடிந்தால் சரி. உங்கள் அம்மாவுக்கு அதைத் தாண்டி இன்னும் ஒன்றரைச் சின்னக் கட்டம் போகிறது. 'முதல் நிலை இதய அடைப்பு' என்றது இந்தத் தாமதத்தைத்தான், ரத்தக்குழாய் அடைப்பை அல்ல. இது மட்டும் தனியாக இருந்தால், அவசரப் பிரிவு மருத்துவர் சொன்னதுபோல, வயதானவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மூன்று முறை விழுந்தவருக்கு, அதுவும் மாத்திரை கூடக் கூட விழுந்தவருக்கு, அந்தச் சமாதானம் பொருந்தாது.

வலிப்பு மாத்திரைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நரம்பு செல்களில் சோடியம் உள்ளே நுழையச் சின்ன வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் மின்துடிப்பு பாயும். கார்பமசபின், ஃபெனிடாயின், ஆக்ஸ்கார்பசபின், லாமோட்ரிஜின், லாகோசமைடு எல்லாம் இந்த வாசல்களை அடக்கி வைத்துத்தான் வலிப்பைத் தடுக்கின்றன. அதே ஜாதி வாசல்கள் இதயத்திலும் இருக்கின்றன. 1938-ல் வலிப்புக்கு வந்த ஃபெனிடாயினை ஒரு காலத்தில் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் கொடுத்தார்கள் என்றால் உறவு எவ்வளவு நெருக்கம் என்று புரியும்.

இளவயது இதயம் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. எழுபதைத் தாண்டும்போது, துடிப்பைக் கிளப்பும் கணுவில் செல்கள் குறைந்திருக்கும், கம்பிபோல ஓடி மின்சாரத்தைக் கடத்தும் தசையிழைகளில் நார்ப்படிவு வந்திருக்கும். ஏற்கெனவே தேய்ந்த பாதையில் இன்னும் ஒரு தடை வைத்தால் மின்சாரம் தாமதிக்கும், சில சமயம் கீழே வராமலே போகும். உங்கள் அம்மாவுக்கு மெட்டோபிரலாலும் அதே கணுவை மந்தப்படுத்துகிறது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிரேக் மிதிப்பதுபோல.

தம்பி படித்தது முழுப்பொய் இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன். அதே சமயம், இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் முதியவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தில் ஒன்றும் ஆவதில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அளவு 9 என்றால் மாத்திரை நிரபராதியா?

கார்பமசபினுக்கு ஆய்வுக்கூடங்கள் அச்சிடும் வரம்பு சுமார் 4 முதல் 12 வரை. அம்மாவின் 9 அதற்குள் வருகிறது. அதனால் மருந்து காரணமாக இருக்காது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு மாற்றுக்கருத்து. கார்பமசபின் இதயத்தைப் பாதிப்பது இரண்டு விதமாக மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. இளவயதினர் அளவுக்கு மீறி விழுங்கும்போது இதயம் படபடவென்று ஓடும். மற்றது, வயதான பெண்களுக்கு, ரத்தத்தில் அளவு சரியாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கும்போதே துடிப்பு மந்தமாகி, கடத்தல் தடைபடுவது. வரம்பு என்பது வலிப்பை அடக்கவும் தலைசுற்றல், இரட்டைப் பார்வை போன்றவை வராமலிருக்கவும் போட்ட கோடு. இதயக் கம்பிகளை மனத்தில் வைத்துப் போட்டதில்லை.

நானும் இதில் சறுக்கியவன். பல வருடத்துக்கு முன், முகநரம்பு வலிக்குக் கார்பமசபின் சாப்பிட்ட ஒரு பாட்டி, அடிக்கடி "கண்ணைக் கட்டிக்கிட்டு வருது" என்று வந்தார். வலிப்போ என்று சந்தேகப்பட்டு மருந்தைக் கூட்டினேன். அடுத்த முறை வந்தபோது வெளியே பிரஷர் பார்த்த செவிலியர் உள்ளே வந்து, "டாக்டர், பல்ஸ் முப்பத்தாறுதான் வருது, மெஷின் தப்போன்னு கையாலயும் எண்ணிட்டேன்" என்றார். நான் அதுவரை அந்தப் பாட்டியின் மணிக்கட்டைத் தொடவே இல்லை.

ஆகவே உங்கள் மருத்துவரைப் பற்றிய கேள்விக்கு என் பதில் இதுதான். முதல் தடவை, பக்கவாதத் தழும்பும் பழைய வலிப்பும் உள்ளவர் கைவெட்டி விழுந்தால், எவரும் வலிப்பைத்தான் முதலில் நினைப்பார்கள். இரண்டாம் முறை, மருந்தைக் கூட்டிய பிறகும் விழுந்தபோது, ஒரு ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். சண்டைக்குப் போகாமல், "மாத்திரை ஏறியபிறகுதான் அடிக்கடி விழுறாங்க, ஈசிஜியையும் பழசோட ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றுக்கும் நகல் கேட்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வலிப்பா, மயக்கமா?

கை வெட்டி இழுத்தாலே வலிப்பு என்று நினைக்கிறோம். மூளைக்குச் சில நொடி ரத்தம் போகாவிட்டாலும் கை கால் வெட்டும். எண்ணிக்கை உதவும்: பத்துக்கும் குறைவான, ஒழுங்கற்ற வெட்டுகள் மயக்கத்தின் பக்கம், இருபதுக்கு மேல் தாளம் தப்பாமல் இழுத்தால் வலிப்பின் பக்கம். முகம் வெளுப்பது மயக்கத்தில். நீலம் பாரிப்பது பெரிய வலிப்பில். நாக்கின் ஓரம் கடிபட்டிருப்பதும், எழுந்த பிறகு வெகுநேரம் ஆள் அடையாளம் தெரியாமல் திணறுவதும் வலிப்புக்குரியவை. உங்கள் அம்மா நினைவு திரும்பிய கையோடு தெளிவாகக் கேள்வி கேட்டிருக்கிறார். மயங்கிய நேரத்தில் கண்கள் திறந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டிலும் நடக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

மூன்றாவதாக ஓர் ஆளும் இருக்கிறார், அந்தச் சோடியம் 128. கீழ் எல்லை 135. கார்பமசபின் உடலில் தண்ணீரைத் தேக்கிச் சோடியத்தை நீர்க்கவைக்கும். தயசைடு என்ற அந்த நீர் மாத்திரை அதைச் சிறுநீரில் இழக்கவைக்கும். முதியவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. சோடியம் குறைந்தால் நடை தள்ளாடும், குழப்பம் வரும், இன்னும் இறங்கினால் வலிப்பே வரும். அப்போது வலிப்புக்கென்று மறுபடி கார்பமசபினைக் கூட்டினால் சோடியம் இன்னும் இறங்கும். உப்பை அள்ளிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிரஷர்தான் ஏறும். காரணமான மருந்தை மாற்றி, மருத்துவமனையில் மெல்ல ஏற்ற வேண்டிய விஷயம் இது. அவசரமாக ஏற்றினால் மூளைக்கே கெடுதல்.

அங்கே செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியவை: புதிய ஈசிஜி, சோடியத்தோடு பொட்டாசியம், மெக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், படுத்த நிலையிலும், எழுந்து நின்று ஒரு நிமிடம், மூன்று நிமிடம் கழித்தும் பிரஷர், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, தலையில் அடிபட்டிருந்தால் ஸ்கேன், ஏனென்றால் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். 24 மணி நேரம் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் இதயம் சுத்தம் என்று அர்த்தமில்லை. மாதத்துக்கு ஒருமுறை வருவது அந்த ஒரு நாளில் வரவேண்டும் என்று கட்டாயமா என்ன? ஒன்றிரண்டு வாரம் ஒட்டிவைக்கும் பட்டையோ, தோலுக்கடியில் வைக்கும் சிறு பதிவுக்கருவியோ தேவைப்படலாம். சிலருக்கு வலிப்பே இதயத்தைச் சில நொடி நிறுத்திவிடும். அபூர்வம்தான், ஆனாலும் சந்தேகம் தீராவிட்டால் மூளையின் மின்அலையைப் பதியும் ஈஈஜியையும் ஈசிஜியையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள்.

நிறுத்தலாமா, மாற்றலாமா?

தம்பி செய்தது ஆபத்தான காரியம். திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த வலிப்பு அடுத்தடுத்து விடாமல் வரலாம். அந்த நிலையில் உயிருக்கே ஆபத்து. அந்த இரண்டு நாளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இனி எடுக்கும் பரிசோதனைகளின் முடிவை அது மாற்றக்கூடும். மெட்டோபிரலாலையும் அப்படியே நிறுத்தாதீர்கள். அதற்கும் எதிர்விளைவு உண்டு. இந்த இரண்டில் எதை முதலில் குறைப்பது, எவ்வளவு வேகமாக என்பதைக் கண்காணிப்பில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரஷருக்கு மாற்று மாத்திரை தரும்போது டில்டியாசெம், வெராபமில் இரண்டும் வேண்டாம். அவை இதயத்தை மந்தப்படுத்துவதோடு, கார்பமசபினின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். அம்மாவுக்கு நெஞ்சுச்சளி வந்தால் தரப்படும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அந்த அளவை ஏற்றும்.

வலிப்புக்கு மாற்று என்றால், இந்த நிலையில் என் முதல் தேர்வு லெவடிரசிட்டாம். சோடியம் வாசலைத் தொடாமல் வேறு வழியில் வேலை செய்கிறது, மற்ற மருந்துகளோடு சண்டை குறைவு. சிறுநீரகத்தின் சக்தியைப் பார்த்து அளவு போட வேண்டும். சிலருக்குத் தூக்கம், இன்னும் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். "அம்மா திடீர்னு சிடுசிடுன்னு ஆயிட்டாங்க" என்றால் அது மாத்திரையின் குணம், உடனே சொல்லுங்கள். வழக்கமாக இதைப் போதிய அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, பழையதைச் சில வாரங்களில் படிப்படியாக இறக்குவோம். இதயத் துடிப்பு நின்று நின்று நீண்ட இடைவெளி தெரிந்தால் மருத்துவமனையில் வைத்து வேகமாகவும் இறக்கலாம்.

ஆக்ஸ்கார்பசபின் கார்பமசபினின் நெருங்கிய உறவு. சோடியத்தை இன்னும் அதிகமாக இறக்கும், வேண்டாம். லாகோசமைடு நல்ல மருந்துதான், ஆனால் பி.ஆர். இடைவெளியை அளவுக்கேற்ப நீட்டுவது அதன் இயல்பு. லாமோட்ரிஜினை முதியவர்களுக்கு நான் நிறைய எழுதியவன். 2021-ல் அமெரிக்க மருந்து ஒழுங்காணையம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது துடிப்புச் சிக்கலைக் கூட்டக்கூடும் என்று எச்சரித்தபிறகு, அறுபதைத் தாண்டியவருக்கு ஈசிஜி பார்க்காமல் ஆரம்பிப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு இப்போது எழுதமாட்டேன். வால்புரோயேட் இதயக் கம்பிகளை அதிகம் தொந்தரவு செய்யாது. கைநடுக்கமும் ரத்தத் தட்டணுக் குறைவும் வரலாம்.

கார்பமசபின் போனபின் இன்னொன்று நடக்கும். அது கல்லீரலைத் தூண்டி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவந்தது. அது விலகியதும் சில வாரத்தில் கொழுப்பு மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் கூடுதலாக வேலை செய்ய ஆரம்பிக்கும். தசைவலி, பிரஷர் இறக்கம் இருந்தால் அளவைத் திருத்த வேண்டும்.

பேஸ்மேக்கர்

இப்போதே சொல்ல முடியாது. மந்தப்படுத்தும் மருந்துகளை விலக்கிய பிறகு கடத்தல் சீரானால் பலருக்குத் தேவைப்படாது. மருந்துகள் போனபிறகும் துடிப்பில் அந்த இடைவெளி தெரிந்தாலோ, மின்சாரம் கீழறைக்கு வராமலே போகும் முழு அடைப்பு பதிவானாலோ தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து புதிதாக நோயை உண்டாக்காமல், உள்ளே ஒளிந்திருந்ததை வெளியே காட்டியிருக்கவும் கூடும். அதனால் சரியான பிறகும் சில மாதம் ஈசிஜி பார்த்து வரவேண்டும். பேஸ்மேக்கர் வைத்தால் வலிப்பு மாத்திரை வேண்டாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு வேலை. வலிப்புக்கு மருந்து வேண்டும்.

தனியாக விடலாமா?

காரணம் தெரியும்வரை வேண்டாம். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம், உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தே குளிக்கட்டும். மறுபடி விழுந்தால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், படுத்தபடியே விடுங்கள். மயக்கமாக இருந்தால் உட்காரவைப்பது அதை நீட்டும். ஒருவர் மணிக்கட்டிலோ கழுத்திலோ நாடியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். அந்த முப்பது நொடி வீடியோ எனக்குப் பத்துப் பரிசோதனைக்குச் சமம். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தாலோ, நினைவு திரும்பாவிட்டாலோ, நாடி கிடைக்காவிட்டாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அம்மாவின் கைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும். அவசரப் பிரிவில் வலிப்பு என்று சொன்னதும் ரத்தக்குழாய் வழியே ஃபெனிடாயின் ஏற்றுவது பல இடங்களில் கைப்பழக்கம். பெரியவர்களுக்கு அதன் உச்ச வேகமே நிமிடத்துக்கு 50 மி.கி.தான், முதியவர்களுக்கு அதைவிட மெதுவாக, ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். இதய அடைப்பு உள்ளவருக்கு அது ஆகாமலே போகலாம். அதனால் சீட்டில் பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: "வயது 74. கார்பமசபின், மெட்டோபிரலால் சாப்பிடுகிறார். ஈசிஜியில் பி.ஆர். 260, நாடி 44. ஃபெனிடாயின் ஏற்றும் முன் ஈசிஜி பார்க்கவும்."